எல்லைக் கிராமங்களின் ஆராய்ச்சி மாணவரும் விஞ்ஞான மாநாடுகளும்

திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், தமிழ்நாட்டின் விளவங்கோடு பகுதியை ஒட்டி அமைந்தவை பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்கள். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியில் திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. எல்லைக்கோடு சாலையையும் கால்வாயையும் குறுக்கே வெட்டிச் சென்றாலும், இரு பக்கத்து மக்களின் வாழ்க்கை இன்றும் ஒன்றோடொன்று பின்னியே உள்ளது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் ஆங்கிலம் என மும்மொழிகளில் பயின்று, குடும்பத்திலேயே முதல் முறையாகப் பட்ட மேற்படிப்பை எட்டி, டாக்டர் பட்ட ஆராய்ச்சியில் ஈடுபடும் இளைஞர்கள் இக்கிராமங்களில் உள்ளனர்.

இத்தகைய மாணவருக்கு ஆய்வுக் கூடமும் நூலகமும் ஓரளவு எட்டும் தொலைவிலேயே இருக்கின்றன. வடக்கே கேரளப் பல்கலைக் கழகத்தின் காரியவட்டம் வளாகமும், கிழக்கே 1990-இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக் கழகமும் உள்ளன. 1979-இல் திறக்கப்பட்ட திருவனந்தபுரம்-நாகர்கோவில் இருப்புப்பாதை பாறசாலை வழியாகவே செல்கிறது. அவருக்கு எட்டாதது வேறொன்று. தம் துறையில் முன்னணியில் நிற்போருடன் நேரில் பேசும் வாய்ப்பே அது. பெருநகரங்களின் புகழ்பெற்ற நிறுவனங்களில் பயிலும் மாணவர் இவ்வாய்ப்பை அன்றாடம் பெறுகிறார். எல்லைக் கிராமத்து மாணவருக்கோ ஆண்டில் ஓரிரு முறை கூடும் மாநாடுகளே இதற்குரிய வழியாகும். ஆகவே அவ்வழியை முறையாகப் பயன்படுத்துவது எவ்வாறு என்பது ஆராயத்தக்க பொருளாகும்.

கட்டாயம் நீங்கிய பின்

பல்கலைக் கழக மானியக் குழு 2016-இல் வெளியிட்ட விதிகளின்படி, டாக்டர் பட்ட ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் மாணவர் இரு மாநாடுகளிலோ கருத்தரங்குகளிலோ கட்டுரை படித்திருக்க வேண்டும்; அதற்குரிய சான்றிதழையும் காட்ட வேண்டும். நோக்கம் நல்லதே எனினும், விளைவு வேறாக அமைந்தது. கட்டுரை படிப்பதைக் காட்டிலும் சான்றிதழ் பெறுவதே முதன்மை பெற்றது. கட்டணம் செலுத்தியவர் அனைவருக்கும் சான்றிதழ் வழங்கும் கூட்டங்கள் பெருகின. 2022 நவம்பரில் வெளியான புதிய விதிகளில் இக்கட்டாயம் இடம் பெறவில்லை.

கட்டாயம் நீங்கிய நிலையில் மாநாட்டுக்குச் செல்வதன் தேவை என்ன என்ற வினா இயல்பாக எழுகிறது. சான்றிதழுக்காக மட்டும் சென்றவருக்கு இனி அதில் பயனில்லை. தம் ஆய்வைத் தம் வழிகாட்டியைத் தவிர வேறொருவர் கண்கொண்டு பார்க்க விரும்பும் மாணவருக்கோ மாநாட்டின் மதிப்பு சிறிதும் குறையவில்லை. மூன்று நான்கு ஆண்டுகள் ஒரே வழிகாட்டியுடன் மட்டும் விவாதிக்கப்பட்ட ஆய்வில் இருவருக்குமே புலப்படாத குறைகள் தங்கிவிடக் கூடும். அக்குறை ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் படிக்கும்போது வெளிப்பட்டால் இழப்பு பெரிது. மாநாட்டு மேடையில் வெளிப்பட்டால் திருத்திக் கொள்ளக் காலம் உண்டு.

சந்திப்பு தந்த திருப்பங்கள்

அறிஞரை நேரில் சந்திப்பது ஓர் ஆராய்ச்சியின் போக்கையே மாற்ற வல்லது என்பதற்குத் தென்னாட்டின் விஞ்ஞான வரலாறே சான்று பகரும். 1928-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் ஆர்னால்டு சாமர்பெல்டு சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரி மாணவராயிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் அவரைத் தங்குமிடத்திற்கே சென்று கண்டார். சாமர்பெல்டு எழுதிய அணு அமைப்பு பற்றிய நூலை அவர் முன்னரே கற்றிருந்தார். அந்நூல் வெளியான பிறகு பௌதிகம் பெரிதும் மாறிவிட்டது என்று கூறிய அறிஞர், உலோகங்களில் எலெக்ட்ரான்களின் இயக்கம் பற்றித் தாம் எழுதி அப்போது அச்சிலிருந்த கட்டுரையின் பார்வைப் படிகளை மாணவரிடம் கொடுத்தார். அதிலிருந்து புதிய புள்ளியியல் முறையைக் கற்றுக்கொண்ட சந்திரசேகர் எழுதிய கட்டுரை 1929-இல் இலண்டன் ராயல் கழகத்தின் வெளியீட்டில் இடம் பெற்றது. அதனை அங்குச் சேர்ப்பித்த ஆர்.எச். பௌலர், பின்னர் கேம்பிரிட்ஜில் அவருடைய வழிகாட்டியானார்.

இந்நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது, மாணவர் வெறுங்கையுடன் செல்லவில்லை என்பதே. அறிஞரின் நூலைப் படித்துவிட்டுச் சென்றதனால்தான் உரையாடல் நூலுக்கு அப்பால் செல்ல முடிந்தது.

எர்ணாகுளத்தில் பிறந்த ஜி.என். இராமச்சந்திரன் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகத் துறைத் தலைவராயிருந்தபோது, 1952-இல் ஆங்கிலேய அறிஞர் ஜே.டி. பெர்னால் அங்கு வருகை தந்தார். தோலிலும் எலும்பிலும் உள்ள கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் சரிவர அறியப்படவில்லை என்று அவர் உரையாடலில் குறிப்பிட்டார். இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் அதனையே ஆய்வுப் பொருளாகக் கொண்டு, 1954, 1955-ஆம் ஆண்டுகளில் கொல்லாஜனின் முச்சுருள் அமைப்பை வெளியிட்டனர்.

மொழியியலிலும் இத்தகைய எடுத்துக்காட்டு உண்டு. 1964 ஜனவரியில் புது தில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் 26-ஆவது உலக மாநாடு கூடியபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்களைத் தனிநாயகம் அடிகளும், கேரளப் பல்கலைக் கழகத்தில் பணியாற்றிய வ.அய். சுப்பிரமணியமும் ஒன்று கூட்டினர். உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அங்கேயே பிறந்தது. 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. ஒரு மாநாட்டின் நிகழ்ச்சி நிரலுக்கு வெளியே நடந்த கூட்டம் மற்றொரு மாநாட்டு வரிசைக்கு வித்திட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

மாநாட்டைத் தேர்ந்தெடுத்தல்

பொருள் வசதி குறைந்த மாணவர் எல்லா மாநாட்டிற்கும் செல்ல இயலாது, செல்லவும் வேண்டியதில்லை. டாக்டர் பட்ட ஆராய்ச்சிக் காலத்தில் மூன்று வகைக் கூட்டங்கள் போதுமானவை எனலாம். முதலாவது, அருகில் நடைபெறும் பொது விஞ்ஞான மாநாடு. கேரள விஞ்ஞான மாநாடு 1989 முதல் மாநிலத்தின் பல்வேறு நகரங்களில் நடைபெற்று வருகிறது. 2024-இல் அதன் 36-ஆவது கூட்டம் காசர்கோட்டில் நடந்தது. 1914-இல் கல்கத்தாவில் தொடங்கிய இந்திய விஞ்ஞான மாநாட்டின் 97-ஆவது கூட்டம் 2010 ஜனவரியில் திருவனந்தபுரத்திலேயே கூடியது. முதல் ஆண்டு மாணவர் கட்டுரை ஏதுமின்றிப் பார்வையாளராகச் சென்று, மாநாட்டின் நடைமுறையைக் கற்க இத்தகைய கூட்டம் ஏற்றது.

இரண்டாவது, தம் துறைக்கே உரிய சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். ஆய்வின் நடுப்பகுதியில், முடிவுகள் பாதியளவு கிடைத்த நிலையில் இதில் கட்டுரை படிப்பது நன்று. திராவிட மொழியியற் கழகம் 1971 முதல் திருவனந்தபுரத்தை மையமாகக் கொண்டு இயங்குவதால், எல்லைப்புறப் பேச்சு வழக்கை ஆராயும் மாணவருக்கு அது வீட்டு வாயிலிலேயே கிடைத்த வாய்ப்பாகும். மூன்றாவது, இருபது முப்பது பேர் மட்டும் கலந்து கொள்ளும் சிறு பயிலரங்கு. பெரிய மாநாட்டில் மூன்று நாட்களில் கிடைக்காத விவாதம் இதில் ஒரே பிற்பகலில் கிடைப்பதுண்டு.

சர்வதேச மாநாடு என்ற பெயர் மட்டுமே தரத்திற்குச் சான்றாகாது. எல்லாத் துறைகளையும் ஒரே கூட்டத்தில் அடக்குவது, கட்டுரையைப் பரிசீலிக்கும் முன்னரே கட்டணம் கேட்பது, பரிசீலனைக் குழுவினரின் பெயர்களை வெளியிடாதது, வராதவருக்கும் சான்றிதழ் தர முன்வருவது ஆகியவை ஐயத்திற்குரிய அறிகுறிகள். ஆண்டுதோறும் எங்கு நடந்தது, யார் உரையாற்றினர், கட்டுரைகள் எங்கு வெளியாயின என்ற மூன்று வினாக்களுக்கு விடை கிடைக்காத மாநாட்டைத் தவிர்ப்பதே நலம்.

முன் தயாரிப்பு: ஓர் எடுத்துக்காட்டு

மாநாட்டின் பயனில் பாதிக்கு மேல் புறப்படும் முன்னரே தீர்மானிக்கப்பட்டு விடுகிறது. இதனை ஒரு கற்பனை மாணவரைக் கொண்டு விளக்கலாம். நெய்யாறு அணை 1958-இல் அமைந்தது. அதன் இடது கரைக் கால்வாய் நெய்யாற்றின்கரை வட்டத்து நிலங்களைக் கடந்து, விளவங்கோடு வட்டத்திற்கும் நீர் கொண்டு செல்லுமாறு அமைக்கப்பட்டது. 2004 முதல் தமிழ்நாட்டுப் பகுதிக்கு நீர் செல்வது நின்று போயிற்று. இப்பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இக்கால்வாயின் இரு பக்கத்திலும் பயிர் முறை எவ்வாறு மாறியது என்பதைப் பாறசாலையைச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஆராய்வதாகக் கொள்வோம்.

அவர் முதலில் செய்ய வேண்டியது, தம் ஆய்வை ஒரே வினாவாகச் சுருக்குவது. நெய்யாறு கால்வாயும் வேளாண்மையும் என்பது தலைப்பாகலாம், வினாவாகாது. கால்வாய் நீர் நின்ற பகுதியில் நெல் நிலம் மரவள்ளிக்கும் வாழைக்கும் ரப்பருக்கும் மாறியதற்கு நீர்க்குறைவு எவ்வளவு காரணம், கூலியும் விலையும் எவ்வளவு காரணம் என்பது வினாவாகும். கட்டுரைச் சுருக்கத்தில் இவ்வினா, இதற்கு விடை தேடிய முறை, இதுவரை கண்ட விடை, இன்னும் தெளிவாகாத ஓர் அம்சம் ஆகிய நான்கும் இடம் பெற வேண்டும். தெளிவாகாத அம்சத்தை மறைப்பதே மாணவரின் இயல்பு. ஆனால் அனுபவமுடையோரின் உதவி பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்குகிறது.

இரண்டாவதாக, நிகழ்ச்சி நிரல் வெளியானவுடன், தாம் சந்திக்க விரும்பும் மூவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒருவர் நீர்ப்பாசனப் பொறியாளராகவும், ஒருவர் வேளாண்மை அறிஞராகவும், ஒருவர் அதே நிலையிலுள்ள ஆராய்ச்சி மாணவராகவும் இருக்கலாம். ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையையேனும் படித்து, ஒரு வினாவைக் குறித்துக் கொள்ள வேண்டும். மாநாட்டுக்கு இரு வாரங்கள் முன்னதாக, சந்திக்க நேரம் கேட்டு நான்கு வரிகளில் மின்னஞ்சல் அனுப்புவது நல்லது. பெரிய அறிஞருக்கு எழுதுவதா என்ற தயக்கம் கிராமப்புற மாணவரிடம் மிகுதி. உரிய மரியாதையுடன், குறிப்பான வினாவுடன் வரும் கடிதத்தை அறிஞர் பலர் வரவேற்கவே செய்வர்.

எல்லைப்புறத்தின் சொத்து

எல்லைக் கிராமத்து மாணவர் தம் பின்னணியை ஒரு குறையாகக் கருதுவது வழக்கம். உண்மையில் அது அவருடைய முதலீடாகும். மேற்கூறிய ஆய்வில் வரும் ஒரு சொல்லை எடுத்துக் கொள்வோம். கேரளத்தில் நெற்பருவங்கள் விரிப்பு, முண்டகன், புஞ்ச என மூன்றாகக் கணக்கிடப்படுகின்றன. குமரி மாவட்டத்தில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரண்டாக வழங்குகின்றன. கேரளத்தில் புஞ்ச என்றால் கோடையில் நீர் பாய்ச்சி விளையும் நெல். தமிழ்நாட்டில் புஞ்சை என்றால் மழையை நம்பும் புன்செய் நிலம். இரு மாநில அட்டவணைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வெளியூர் ஆராய்ச்சியாளர் இச்சொல்லில் இடறி விழக் கூடும். பயிர்ப் பதிவுகளும் அவ்வாறே. தமிழ்நாட்டில் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் பதிவேடு அடிப்படை. கேரளத்தில் 1987 முதல் இயங்கும் கிருஷி பவன்கள் வேளாண்மைத் துறையின் ஊர்நிலை அலுவலகங்களாக உள்ளன. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர் எல்லையில் பிறந்தவரே.

திருவனந்தபுரத்தில் கூடும் மாநாடு கால்வாயின் தலைப்பகுதியிலிருந்து பிரச்சினையைப் பார்க்கும். திருநெல்வேலியில் கூடுவது கடைமடையிலிருந்து பார்க்கும். அரசுகளுக்கிடையே வழக்காக நிற்கும் ஒரு பொருளை இரு இடங்களிலும் ஒரே புள்ளிவிவரத்துடன் எடுத்துரைக்க வல்லவர் இம்மாணவர். கட்சி சாராத அளவீடுகள் இரு பக்கத்து அறிஞர் முன்னும் வைக்கப்பட்டுச் சோதிக்கப்படுவது, அவர் பட்டத்திற்கு மட்டுமன்றி அவ்வட்டார உழவருக்கும் பயனளிக்கும்.

மாநாட்டு நாட்களில்

கட்டுரை படிக்கப் பெரும்பாலும் பத்து நிமிடங்களே கிடைக்கும். எட்டு ஸ்லைடுகளுக்கு மேல் காட்ட முயல்வது பயன் தராது. எழுதியதைப் படிப்பதை விட, கூறுவதே கேட்போர் மனத்தில் பதியும். ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாதவர் சிறு வாக்கியங்களாக அமைத்து, வீட்டிலோ விடுதியிலோ கடிகாரம் வைத்து ஐந்தாறு முறை சொல்லிப் பழக வேண்டும். போஸ்டர் எனப்படும் விளக்கத் தட்டி வைக்கும் வாய்ப்பு மட்டும் கிடைத்தால் அதனைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. மேடையில் ஐந்து நிமிட வினா நேரம் கிடைக்கும் இடத்தில், தட்டியின் முன் ஒரு மணி நேர உரையாடல் கிடைக்கிறது. படிப்பறிவு குறைந்த உழவருக்கும் விளங்கும் வகையில் ஒரு வரைபடமும், பெரிய எழுத்தில் ஒரு வாக்கியமும் தட்டியில் இருந்தால் போதும்.

எல்லா அமர்வுகளிலும் உட்கார்ந்திருப்பது களைப்பையே தரும். நாளொன்றுக்குத் தம் துறையில் மூன்று அமர்வுகளும், பிற துறையில் ஓர் அமர்வும் போதும். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு வினாவேனும் கேட்பது என்று உறுதி கொள்வது நல்ல பழக்கம். வினா கேட்டவரை அறிஞர் நினைவில் கொள்கின்றனர். தேநீர், உணவு வேளைகளில் உடன் வந்த நண்பருடனேயே ஒதுங்கி நிற்பது மாணவர்களிடையே பெரிதும் காணப்படும் குறை. குறித்து வைத்த மூவரையும் சந்திக்க உகந்த நேரம் அதுவே.

விமரிசனத்தை ஏற்றல்

கட்டுரைக்கு எழும் மறுப்பு மாணவரைச் சோர்வுறச் செய்யக் கூடும். 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் ராயல் வானியற் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் விண்மீன்களின் முடிவு பற்றிய தம் கொள்கையை எடுத்துரைத்தபோது, அடுத்துப் பேசிய ஆர்தர் எட்டிங்டன் அதனை எள்ளி நகையாடினார். அவருடைய பெரும் புகழ் காரணமாக அவையும் அவர் பக்கமே சாய்ந்தது. சந்திரசேகர் கணக்கைக் கைவிடவில்லை. அத்துறையை 1939-இல் நூலாக எழுதி முடித்து, பிற ஆய்வுகளுக்குச் சென்றார். 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நியாயமான மறுப்பின் பயனுக்கு இராமச்சந்திரனின் அனுபவம் சான்றாகும். அவரது கொல்லாஜன் அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியுள்ளன என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் குறை கூறினர். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்பதை அவர் தம் மாணவர்களுடன் முறையாக ஆராயலானார். அதன் விளைவே 1963-இல் வெளியாகி, இன்றும் உலகெங்கும் புரத ஆராய்ச்சியில் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம். ஆகவே மறுப்பு எழுந்தவுடன் வாதாடுவதை விட, மறுத்தவரின் சொற்களை அப்படியே எழுதிக் கொண்டு, அவர் சுட்டும் அளவீடு எது என்று பின்னர் கேட்டறிவதே அறிவுடைமை.

திரும்பிய பின்

பெரும்பாலான மாணவர் மாநாட்டின் பயனை இழப்பது வீடு திரும்பிய முதல் வாரத்தில்தான். பையும் சான்றிதழும் அலமாரிக்குச் செல்ல, குறிப்பேடு மறக்கப்படுகிறது. திரும்பிய ஏழு நாட்களுக்குள் மூன்று காரியங்கள் முடிய வேண்டும். சந்தித்தவர்களுக்கு நன்றிக் கடிதமும், வாக்களித்த புள்ளிவிவரமோ கட்டுரைப் படியோ இருப்பின் அதுவும் அனுப்பப்பட வேண்டும். கேட்ட வினாக்களும் மறுப்புகளும் இரு பக்க அறிக்கையாக எழுதப்பட்டு வழிகாட்டியிடம் தரப்பட வேண்டும். அவற்றின் அடிப்படையில் ஆய்வில் செய்யும் ஒரு மாற்றமேனும் முடிவு செய்யப்பட வேண்டும். மாற்றம் ஏதும் தேவையில்லை என்று தோன்றினால், தேர்ந்தெடுத்த மாநாடு சரிதானா என்று சிந்திப்பது நலம்.

நிர்வாகத்தின் பங்கு

இவை யாவும் மாணவர் முயற்சியால் மட்டும் கைகூடுவன அல்ல. பல்கலைக் கழக மானியக் குழுவின் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாக உயர்ந்துள்ளது. ஆனால் அதனைப் பெறாமலே ஆராய்ச்சி செய்வோரும் உள்ளனர். நெசவாளர், மீனவர், ரப்பர் பால் வெட்டுவோர் குடும்பங்களிலிருந்து வரும் மாணவருக்கு, முதலில் செலவு செய்து பின்னர் ரசீது காட்டிப் பெறும் முறை கதவை அடைப்பதற்கு ஒப்பாகும். பயணச் செலவில் ஒரு பகுதியை முன்பணமாக வழங்கினால் அரசின் செலவு கூடப் போவதில்லை. பயன் பெறுவோர் மட்டுமே மாறுவர்.

உதவி பெற்றவரிடம் சான்றிதழின் நகலைக் கேட்பதற்குப் பதிலாக, மேலே கூறிய இரு பக்க அறிக்கையை அலுவலகம் கேட்கலாம். மாநிலம் விட்டு மாநிலம் சென்று கட்டுரை படிக்கும் மாணவருக்குத் துறைத் தலைவர்கள் முன்னுரிமை தரலாம். நெய்யாற்றின்கரை வட்டத்திலேயே விழிஞ்ஞத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், பாலராமபுரத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன; எல்லைக்கு அப்பால் திருப்பதிசாரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. இவை ஆண்டுக்கொரு முறை இரு பக்கத்து ஆராய்ச்சி மாணவரையும் அழைத்து ஒரு நாள் கூட்டம் நடத்தினால், பெரிய மாநாடுகளுக்குச் செல்லும் முன் அவர்களுக்கு அது சிறந்த பயிற்சிக் களமாகும்.

ஆராய்ச்சிக்காக நாடு செலவிடும் பணத்தில் மாநாடுகளுக்குச் செல்வது சிறு பங்கே. அச்சிறு பங்கு தாளாகத் திரும்புவதும் அறிவாகத் திரும்புவதும், ஒரு மாணவர் எந்த வினாவுடன் புறப்பட்டார், எந்தத் திருத்தத்துடன் ஊர் திரும்பினார் என்பதைப் பொறுத்தது. எல்லைக் கிராமங்களின் இளைஞர்கள் இரு மாநிலங்களின் மொழியையும் வழக்கத்தையும் பிறப்புரிமையாகப் பெற்றவர்கள். அவ்வுரிமையை விஞ்ஞான அவைகளில் பயன்படுத்த அவர்களுக்கு வழி செய்வது வழிகாட்டிகள், நிர்வாகிகள் அனைவரின் கடமையாகும்.